தகவலாளர் பட்டியலில் ஒரு பாட்டி

தமிழகக் கல்லூரிகளின் தமிழ்த்துறை நூலகங்களில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளுக்கென்று தனியே ஓர் அலமாரி இருப்பதுண்டு. அவற்றுள் எதை எடுத்துப் புரட்டினாலும் இறுதிப் பக்கங்களில் ‘தகவலாளர் பட்டியல்’ என்ற பின்னிணைப்பைக் காணலாம். பெயர், வயது, சாதி, கல்வி, தொழில், ஊர் எனக் கட்டங்கள் போடப்பட்டிருக்கும். கல்விக் கட்டத்தில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றிருக்கும். தொழிற்கட்டத்தில் ‘கூலி’ என்றோ ‘வீட்டு வேலை’ என்றோ இருக்கும். வயதுக் கட்டத்தில் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஐந்தைந்தாக உயரும் எண்கள். இருநூறு பக்க ஆய்வேட்டுக்கு வேண்டிய தாலாட்டையும் ஒப்பாரியையும் விடுகதையையும் அள்ளிக் கொடுத்த மூதாட்டிக்கு நமது கல்விப்புலம் ஒதுக்கிய இடம் அந்த ஒற்றை வரி மட்டுமே.

நா. வானமாமலை தொடங்கி எத்தனையோ பேர் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் தொகுத்திராவிட்டால் நாம் இழந்திருக்கக்கூடியது கொஞ்சநஞ்சமன்று. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமில்லை. ஆயினும் பாட்டு தொகுக்கப்பட்ட அளவுக்குப் பாடியவரின் வாழ்க்கை தொகுக்கப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒப்பாரியின் உவமைகளை வகைப்படுத்தினோம். யார் இறந்தபோது அவர் அதைப் பாடினார் என்று கேட்கவில்லை. பாட்டி என்பவர் நமக்கு ஒரு வழக்காற்றின் கொள்கலமாக இருந்திருக்கிறாரே தவிர, விருப்பு வெறுப்பும் தொழில்திறனும் சொந்த நினைவும் உடைய ஒரு மனுஷியாக இருந்ததில்லை.

இந்தக் கருத்தை வெம்பக்கோட்டையை முன்வைத்துப் பேச விரும்புகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில் ஒரு தொல்லியல் மேடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-இல் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. 2023-இல் இரண்டாம் கட்டமும் 2024-இல் மூன்றாம் கட்டமும் நடந்தன. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் காதணிகள், தக்களிகள், ஆட்டக்காய்கள், வட்டச்சில்லுகள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் எந்தக் குழியில், எத்தனை ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று எழுதப்பட்டது, அளக்கப்பட்டது, படமெடுக்கப்பட்டது. ஒரு பெண்ணின் கையிலிருந்து உடைந்து விழுந்த வளையல் துண்டுக்கு இத்தனை மரியாதை கிடைப்பதைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். வரலாறு என்பது அரசர்களின் மெய்க்கீர்த்தி மட்டுமன்று என்பதை அந்தச் சில்லுகள் நமக்குச் சொல்கின்றன.

அந்தச் சில்லுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உடைந்த பானையோட்டின் விளிம்பைக் கல்லில் உரசி உரசி வட்டமாக்கி, தரையில் கோடு போட்டு, ஒற்றைக்காலில் நொண்டி விளையாடுவதை இவ்வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஆடிய ஆட்டம் அது. அகழாய்வுக் குழிகளில் மண் அள்ளவும் சலிக்கவும் ஊர்ப் பெண்களும் வேலை செய்தார்கள். மேட்டிலிருந்து வந்த சில்லுக்குப் பதிவெண் உண்டு. அதே ஆட்டத்தைத் தன் தாயிடமிருந்து கற்று, தன் மகளுக்குக் கற்றுக் கொடுத்து, பேத்தியின் கையில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூதாட்டிக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. மேட்டின் பொருள்கள் மண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகள் காத்திருந்தன. மூதாட்டிகளுக்கு அத்தகைய அவகாசம் இல்லை.

இந்தத் தலைமுறைப் பாட்டிகளைக் குறிப்பாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாறு பலரும் அறிந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் பருத்தியும் கம்பும் சோளமும் கைவிட்ட குடும்பங்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் சோறு போட்டன. அந்த வரலாற்றை நிறுவனர்களின் பெயரால் எழுதிவிட்டோம். அதே வரலாற்றைக் கைகளின் பெயரால் எழுதப் புகுந்தால், பெண்களிடமும் சிறுமிகளிடமும்தான் போக வேண்டும்.

இங்கே ஆலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். அந்த ஆபீசுக்கு ஏழு எட்டு வயதில் போகத் தொடங்கியவர்கள் பலர் இன்று பாட்டிகள். வரிப்பள்ளம் உள்ள மெல்லிய சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்துக் ‘கட்டை அடுக்குவது’ அவர்கள் கற்ற முதல் கைத்தொழில். வீட்டிலிருந்தபடி பசை காய்ச்சிப் பெட்டி ஒட்டியவர்களும் உண்டு. 144 பெட்டிகள் சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். பள்ளியின் வாசலையே மிதிக்காத ஒரு பெண், பன்னிரண்டு பன்னிரண்டாய் அடுக்கி, எத்தனை குரோஸ், எவ்வளவு கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்க்கும் கணக்கைத் தகவலாளர் பட்டியலின் கல்விக் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதி வந்திருக்கிறோம்.

1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் சிவகாசிச் சிறுவர் சிறுமியரின் உழைப்பை வெளியுலகுக்குக் காட்டியது. அதற்கு முன்பே, 1986-இல், குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. இவையெல்லாம் பதிவில் உள்ளவை. 1990-இல் பத்து வயதிலிருந்த ஒரு சிறுமிக்கு இன்று நாற்பத்தைந்து வயதுக்குக் குறையாது. இளவயதிலேயே மணம் முடிக்கும் வழக்கம் இருந்த ஊர்களில் அவர்களுள் சிலருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறை, படமெடுக்க எவரும் வராத காலத்திலேயே கட்டை அடுக்கிய தலைமுறை, எழுபதைத் தொட்டுவிட்டது. குழந்தையாக இருந்தவரையில் அவர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன. வளர்ந்தபின் யாரும் திரும்பி வந்து, ‘அதன்பிறகு என்ன ஆயிற்று அம்மா?’ என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கரிசல் இலக்கியம் இவ்விஷயத்தில் கல்விப்புலத்தைவிட முன்னே சென்றிருக்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து கரிசலுக்கு வந்து குடியேறிய ஒரு சமூகத்தின் கதையை அதில் நினைவுகூர்ந்து சொல்பவர் மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி. நூறு வயதை எப்போதோ கடந்த அந்த மூதாட்டியின் நினைவு இல்லையென்றால் அந்த நாவலுக்கு அடித்தளமே இல்லை. பாமாவின் ‘சங்கதி’ (1994) இன்னும் ஒருபடி மேலே போகிறது. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியைச் சேர்ந்தவர் பாமா. சங்கதியில் வரும் வெள்ளையம்மா கிழவி பேத்திக்குப் பொழுதுபோகக் கதை சொல்லும் பாட்டி அல்லள். ஊரில் பேறுகாலம் பார்ப்பவள். கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போன கணவன் திரும்பாமலே போக, பிள்ளைகளைத் தனியே வளர்த்தவள். தன் வாழ்வை அவளே எடுத்துப் பேசுகிறாள். பேத்தி குறுக்கே கேள்வி கேட்கிறாள். சில இடங்களில் மறுத்தும் பேசுகிறாள். அதே நூலில் தீப்பெட்டி ஆலைக்கு உழைக்கப் போகும் சிறுமியும் வருகிறாள். அந்தச் சிறுமியின் வயதுக்காரர்கள் இன்று வெள்ளையம்மா கிழவியின் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விரு நூல்களையும் நமது துறைகள் பாடமாக வைக்கின்றன. ‘கரிசல் நாவல்களில் பெண் பாத்திரங்கள்’ போன்ற தலைப்புகளில் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. எழுதும் மாணவியின் வீட்டிலேயே அப்பாத்திரத்துக்கு நிகரான ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாணவி வெள்ளையம்மா கிழவியைப் பற்றி அறுபது பக்கம் எழுதுவாள். தன் அம்மாச்சி எந்த வயதில் வேலைக்குப் போனார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இது மாணவியின் குற்றமன்று. கேட்கத் தகுந்த விஷயம் அது என்று அவளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, அவ்வா என்று அழைப்புச் சொல்லே ஒரு குடும்பம் எங்கிருந்து வந்ததென்று காட்டிக் கொடுக்கும் நிலம் இது. இருந்தும் நமது பத்திரிகைகளிலும் திரைப்படங்களிலும் பாட்டிகள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகவே வருகிறார்கள். தொங்கும் காதில் பாம்படம், இடுப்பில் சுருக்குப் பை, வாயில் வெற்றிலை, கேட்டால் ஒரு பழமொழி, கேளாவிட்டால் ஒரு கைவைத்தியம். இந்தச் சித்திரம் அன்பால் வரையப்பட்டதுதான். ஆனால் அந்த அன்புக்குள் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்ததாகவே அச்சித்திரம் ஒப்புக்கொள்வதில்லை.

பாட்டியின் ஆர்வங்கள் என்றால் என்னவென்று கேட்கலாம். அவரிடமே கேட்பதுதான் முறை. தாயக்கட்டையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் இருப்பார். ஆடி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடிக்கு நடந்தே போனவர் இருப்பார். அது பக்தியா, வீட்டைவிட்டு இரண்டு நாள் வெளியே இருக்கக் கிடைத்த விடுதலையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் கேட்ட பாடல்களை வரி பிசகாமல் சொல்பவர் இருப்பார். சீட்டுப் பிடித்து, அக்கம்பக்கத்துப் பெண்களின் பணத்தைக் கையாண்டு, ஒரு வீட்டையே கட்டி முடித்தவர் இருப்பார். எழுத்தறியாமல் தீப்பெட்டியின் லேபிள் படங்களை மட்டும் பார்த்தே எந்தச் சரக்கு எந்த ஆபீசுக்குரியது என்று சொல்லக்கூடியவர் இருப்பார். இவற்றுள் எதற்கும் நமது வினாநிரலில் கட்டமில்லை.

கைத்திறன் பற்றியும் ஒரு சொல். தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்கள் வந்தபின் கட்டை அடுக்கும் கைவேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பட்டாசு வழக்கில் அளித்த தீர்ப்பு சரவெடிகளுக்குத் தடை விதித்தது. காற்று மாசு பற்றிய அத்தீர்ப்பின் நியாயத்தை இங்கே ஆராயப் போவதில்லை. சரம் பின்னும் வேலை இப்பகுதிப் பெண்களின் கையில் பல்லாண்டுகளாக இருந்தது. வெடியையும் திரியையும் இணைத்துப் பின்னும் அந்த விரல் நடையை எங்கே, யாரிடம் கற்றார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு பின்னினார்கள், அப்போது என்ன பேசினார்கள், எதைப் பாடினார்கள் என்ற செய்திகள் அவர்களோடு போய்விடக் கூடியவை. நெசவும் மட்பாண்டமும் கைவினை என்றால் இதுவும் கைவினைதான். தீப்பொறியின் அருகே உட்கார்ந்து செய்த கைவினை.

அந்த அருகாமையின் விலையையும் பேசாமல் இருக்க முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டையை அடுத்த ராமுதேவன்பட்டியில் பத்துப் பேர். செய்தித்தாள்களில் இறந்தோர் எண்ணிக்கையும் நிவாரணத் தொகையும் வரும். இரண்டு நாளில் செய்தி ஓய்ந்துவிடும். அதன்பிறகு அந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர் யார்? பெரும்பாலும் ஒரு பாட்டி. கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்கு வேலைக்குப் போகும் ஊர்களில் ஒரே பகற்பொழுதில் இருவரும் போய்விடக்கூடும். ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் அவர் மறுபடியும் தாயாகிறார். பள்ளிக் கட்டணம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அலைகிறார். தன் மகனின் சாவைப் பற்றிப் பேரனுக்கு எந்த வயதில், எந்தச் சொற்களில் சொல்வது என்று அவரே தீர்மானிக்கிறார். கடைசியில் அதே ஆலைகளின் வாசலில் பேரன் போய் நிற்காமலிருக்க என்ன செய்யலாம் என்பதும் அவருடைய கவலையாகிறது. தமிழில் இதற்கு இணையான ஓர் அனுபவத்தொகுதி வேறெங்கும் இல்லை. இதைப் பதிவு செய்யாத இலக்கியக் கல்வி எதைப் பதிவு செய்யப் போகிறது?

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். முதலாவது, மூதாட்டிகளின் நினைவு நம்பத்தகுந்ததா என்பது. ஆண்டும் தேதியும் பிசகத்தான் செய்யும். அவற்றைச் சரிபார்க்க நாளிதழ்களும் நீதிமன்ற ஆவணங்களும் உள்ளன. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் என்று தீர்ப்பு சொல்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட மறுநாள் காலையில் அந்த வீட்டு அடுப்பில் என்ன இருந்தது என்பதைத் தீர்ப்பு சொல்லாது. ஆவணத்தில் இல்லாததைக் கேட்கத்தான் பாட்டியிடம் போகிறோம்.

இரண்டாவது மறுப்பு, பழங்கதையைக் கிளறினால் தொழிலின் பெயர் கெடும் என்பது. எத்தனையோ குடும்பங்களின் வாழ்வாதாரம் இத்தொழில் என்பதால் இந்த அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிடவும் கூடாது. ஆனால் கேட்கப் போகிறவர் கையில் தீர்ப்பை எழுதிக்கொண்டு போகக்கூடாது என்பதே இதற்கு விடை. சிறுவயது உழைப்பை வெறும் கொடுமையாக மட்டுமே நினைவுகூராத பெண்களும் உண்டு. முதற்கூலியில் வாங்கிய பாவாடையையும், தன் சம்பாத்தியத்தில் தம்பி படித்ததையும், கூடப் போன தோழியரையும் பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெருமையும் உண்மை. விரல் முனைகள் வெந்து புண்ணானதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே. அறிக்கை எழுதுவோரும் ஆலையை ஆதரிப்போரும் ஆளுக்கொரு பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, இது சமூகவியலாரின் வேலை, இலக்கியத் துறைக்கு என்ன வேலை என்பது. புதுச்சேரியை அடுத்த காராணியைச் சேர்ந்த வீரம்மா என்ற தலித் பெண்ணின் வாழ்க்கையை ழோசியான் ரசீன் பல ஆண்டுகள் உடனிருந்து கேட்டுப் பதிவு செய்தார். 1995-இல் அது பிரெஞ்சு மொழியில் நூலாக வந்தது. 1997-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு தமிழ்ப் பெண் தமிழில் சொன்ன வாழ்வை உலகம் வேறு மொழிகளில் முதலில் படித்தது. அந்த நூலின் உயிர் வீரம்மாவின் பேச்சில் இருக்கிறது: அவரது கேலியில், பாட்டில், வசவில், சொல்லாமல் நிறுத்திய இடங்களில். பேச்சின் நடையை உணர்ந்து எழுத்தில் வைப்பது மொழிப் பயிற்சி உடையவர்களின் வேலையே. 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்த கி.ரா. பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பட்டம் பெற்ற நமக்கு இதில் தயக்கம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பெரிய நிதியோ திட்டமோ இதற்கு வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளில் தமிழ் முதுகலை பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒரு மூதாட்டியிடம் மூன்று முறை சென்று உட்கார்ந்தால் போதும். செல்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. முதல் நாள் கருவியை வெளியே எடுக்காமலிருப்பது நல்லது. ‘ஒரு கதை சொல்லுங்கள் அப்பத்தா’ என்று தொடங்கினால் வழக்கமான கதைதான் வரும். முதற்கூலியை என்ன செய்தீர்கள், யாரோடு வேலைக்கு நடந்து போனீர்கள், எந்த வேலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று பெயர், எதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு முடியாமல் போயிற்று என்று கேட்கலாம். அவர் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் வேண்டாமென்றால் நீக்கிவிட வேண்டும். சொல்ல விரும்பாததைத் துருவக்கூடாது. ஒரு படியை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, மற்றொன்றைத் துறை நூலகத்தில் வைக்கலாம். ஒரு வகுப்புக்கு இருபது பேர் என்றால் ஐந்தாண்டில் நூறு வாழ்க்கைகள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் நூறு பெண்களின் வரலாறு கையில் இருந்தால், தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றை எழுத வருபவர் இனி முதலாளிகளின் பெயரோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

நாளை எழுதப் போகிற நாவலாசிரியருக்கும் இதில் பயனுண்டு. இதே வட்டாரத்து மேலாண்மறைநாட்டில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மேலாண்மை பொன்னுச்சாமி, பெட்டிக்கடையில் உட்கார்ந்தபடி ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கேட்டே சிறுகதைகள் எழுதினார். 2008-இல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றார். அவருக்குக் கிடைத்த பயிற்சி கேட்பது ஒன்றுதான். அந்தப் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரக் கேட்கிறோம்.

இதைப் படிப்பவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். அடுத்த பருவத்துக்கான களப்பணித் தலைப்புகளை வகுக்கும்போது ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். தகவலாளர் பட்டியலைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து முதல் இயலாக வைக்கச் சொல்லுங்கள். பாட்டுகளும் பழமொழிகளும் அதன்பின்னே தாமாக வந்து சேரும்.